அறியாப் பொறியும் அறியும் நெறியும்

ஒன்றைக் கற்க விழைவோனுக்கு அதற்குரிய நூல் கிடைப்பதில்லை என்பதே நெடுங்காலமாக நம்மிடையே நிலவிய குறையாகும். 1960களில் தாய்மொழி மூலம் பயின்ற மாணவர் பேராதனைக் கலைப்பீடத்தினுட் புகுந்தபோது விரிவுரைக் குறிப்புகளே பெரிதும் பாடநூலின் இடத்தை நிரப்பின. ஒருவர் எழுதியதைப் பலர் பிரதி செய்து படித்தனர். இன்றோ இக்குறை தலைகீழாக மாறியுள்ளது. புதியதொரு பொறியைப் பற்றி அறிய விரும்பும் ஒருவன் முன் நூறு ஆசிரியர்கள் ஒரே வேளையில் வாய் திறக்கின்றனர். அவர்களுள் யார் அறிந்து பேசுகின்றார், யார் அறியாது பேசுகின்றார் என்பதைக் கண்டுகொள்ளும் ஆற்றல் அப்பொறியை முன்னரே அறிந்தவனுக்கு உண்டு, அறியாதவனுக்கு இல்லை. கற்பதற்கு நல்ல துணையைத் தெரிவு செய்யவேண்டியவன், கல்லாத நிலையிலேயே அத்தெரிவைச் செய்யவேண்டியுள்ளது. இம்முரண்பாடு இக்காலக் கல்வியின் அடிப்படைச் சிக்கல்களுள் ஒன்றெனலாம். கண்டி மாநகரின் ஒரு மூலையில் நிகழ்ந்த சிறு நிகழ்ச்சியொன்றை முன்னிறுத்தி இதனை ஆராய்வது பொருத்தமாகும்.

ஈண்டுக் கருதப்படும் பொறி ரௌட்டர் என்பதாகும். தமிழில் இதற்கு வழிப்படுத்தி, வழிச்செலுத்தி, திசைவி எனப் பல பெயர்கள் வழங்குகின்றன. ஒரு கட்டடத்திலுள்ள கணினிகளை ஒன்றாக இணைத்து, அவை அனுப்பும் தகவற் பொதிகளை உரிய திசையில் வெளியே செலுத்துவதும், வெளியிலிருந்து வருவனவற்றை உரிய கணினியிடம் சேர்ப்பிப்பதும் இதன் தொழில். இத்தகைய பெட்டிகளை ஆக்குவோர் பலர். அமெரிக்காவில் 1984இல் தோன்றிய சிஸ்கோ அவர்களுள் முன்னணியிலுள்ளது. போல்டிக் கடலோரத்து லற்வியா நாட்டில் 1996இல் தொடங்கப்பெற்ற மைக்ரோடிக் என்னும் நிறுவனத்தின் பெட்டிகள் விலையில் மலிந்தவையாதலின், வசதி குறைந்த நாடுகளின் சிறு நிறுவனங்கள் பலவற்றில் அவை இடம்பிடித்துள்ளன. ஒவ்வொரு நிறுவனத்தின் பெட்டியும் தனக்கெனத் தனி இயக்க முறைமையையும் தனிக் கட்டளைச் சொற்களையும் கொண்டது. செய்யும் தொழில் ஒன்றேயாயினும் பேசும் மொழி வேறு. ஒன்றிற் பழகியவனும் மற்றொன்றின் முன் அமரும்போது சற்றுத் திகைப்பான். எதிலும் பழகாதவன் நிலையைச் சொல்லவேண்டியதில்லை.

கட்டுகஸ்தோட்டையை அடுத்துள்ள கல்வி நிலையமொன்றில் அத்தகைய பெட்டியொன்று சுவரில் மாட்டப்பட்டிருந்தது. உயர்தர வகுப்புப் பிள்ளைகள் மாலை வேளைகளில் வந்து படிக்கும் இடம் அது. கலஹா, தெல்தோட்டை முதலிய தோட்டப்புறங்களிலிருந்து பேருந்தேறி வருவோர் அவர்களுட் பலர். வீட்டிற் கணினியில்லாத அப்பிள்ளைகளுக்குப் பரீட்சைப் பெறுபேறு பார்ப்பதற்கும், பல்கலைக்கழக அனுமதிக்கு விண்ணப்பிப்பதற்கும் அந்நிலையத்தின் பழைய கணினிகளே வாயில். அனைத்துக்கும் நடுவே நின்ற பெட்டியை அமைத்துக் காத்துவந்த தொழினுட்பவியலாளர், 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது நாட்டைவிட்டு வெளியேறிய எண்ணற்றோருள் ஒருவராகி, வளைகுடா நாடொன்றுக்குச் சென்றுவிட்டார். கடவுச்சொல் எழுதிய தாளொன்று மட்டுமே எஞ்சியது. பகுதிநேரமாக அங்கே பணியாற்றிய இளைஞன் ஒருவனிடம் நிலையத்தார் அத்தாளை ஒப்படைத்தனர். அவன் பேராதனையில் வரலாறு பயிலும் கலைப்பீட மாணவன். தெல்தோட்டைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் தாயொருத்தியின் மகன். கணினியில் எழுதவும் படிக்கவும் அறிவானேயன்றி, அதற்கப்பால் எதனையும் அறியான்.

அவன் செய்த முதற் காரியம் எவரும் செய்வதே. அறிந்தவர் சிலரிடம், இப்பெட்டியைப் படிப்பதற்கு நல்லது எதுவென வினவினான். விடைகள் வந்து குவிந்தன. ஒருவர் காணொளித் தொடரொன்றைச் சொன்னார். ஒருவர் எண்ணூறு பக்க நூலொன்றைச் சொன்னார். ஒருவர் கட்டணம் செலுத்திப் பயின்று சான்றிதழ் பெறும் வழியைச் சொன்னார். இன்னொருவர், படிப்பு எதற்கு, தேவையான கட்டளைகளைப் பார்த்து அப்படியே பதித்தாற் போதும் என்றார். அவற்றுள் எதுவும் பொய்யன்று. ஆயினும் அவை அவனுக்கு உதவவில்லை. காணொளியில் ஆசிரியர் திறந்துகாட்டிய பட்டியல் இவனது பெட்டியில் இருக்கவில்லை. இருந்தவையும் வேறு இடத்தில் இருந்தன. காரணம் பின்னரே தெரியவந்தது. அந்நிறுவனத்தின் இயக்க முறைமை பல ஆண்டுகளாக ஆறாம் பதிப்பாக வழங்கிவந்து, 2021 டிசெம்பரில் ஏழாம் பதிப்பாக நிலைபெற்றது. வழித்தெரிவு பற்றிய பகுதிகள் பெரிதும் மாற்றியமைக்கப்பட்டன. பழைய பதிப்பைக் கற்பித்த பாடங்களோ அழியாமல் அப்படியே உலவிவந்தன. அவற்றின் தலைப்பிலே பதிப்பின் எண் இல்லை. பழைய பஞ்சாங்கத்தை வைத்து இவ்வாண்டின் நாள் பார்ப்பவன் நிலையை ஒத்தது அவன் நிலை.

மகாவலி கங்கையின் ஒரு கரையிற் கலைப்பீடமும் மறுகரையிற் பொறியியற் பீடமும் அமைந்திருப்பதைப் பேராதனையை அறிந்தோர் அறிவர். இடையே அக்பர் பாலம் உண்டு. கலைப்பீட மாணவர் அப்பாலத்தைக் கடந்து செல்வது அரிது. இவ்விளைஞன் கடந்தான். வலையமைப்புத் துறையிற் பல்லாண்டு பணியாற்றிய, மாத்தளையைப் பிறப்பிடமாகக் கொண்ட பெண்மணியொருவரை நண்பன் மூலம் அறிந்து, அவரைச் சந்தித்து, நல்ல பாடங்களின் பட்டியலொன்று தருமாறு வேண்டினான். அவர் பட்டியல் தரவில்லை.

"தம்பி, பெட்டியோட பேரைக் கொஞ்சம் மறந்திடுங்க. பேராதனைச் சந்தி ஸ்டேசன்ல நின்னு ரயில் பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டார்.

"பார்த்திருக்கேன் அக்கா."

"கொழும்புல இருந்து ஒரு பொதி வருது. அதுல மாத்தளைன்னு எழுதியிருக்கு. எந்தப் பக்கம் ஏத்துவீங்க?"

"கண்டிப் பக்கம்."

"ஹட்டன்னு எழுதியிருந்தா?"

"நாவலப்பிட்டிப் பக்கம்."

"ரெண்டுலயும் இல்லாத ஊர் பேரா இருந்தா? காலின்னு எழுதியிருந்தா?"

இளைஞன் சற்றுச் சிந்தித்து, "திரும்பக் கொழும்புக்கே அனுப்பணும். அங்க உள்ளவங்க பார்த்துக்குவாங்க" என்றான்.

"அவ்வளவுதான் தம்பி. ரௌட்டருக்குள்ள இருக்கிறது அந்த மூணு வரிதான். மத்ததெல்லாம் அதுக்குக் காவலும் கணக்கும்."

கண்டிக்குப் புகையிரதம் வந்தது 1867இல். பதுளை வரை அப்பாதை நீண்டது 1924இல். பேராதனைச் சந்தியிலே பாதை பிரிகின்றது. பொதியிலுள்ள முகவரியைப் பார்த்து, தன்னிடமுள்ள அட்டவணையுடன் ஒப்பிட்டு, எப்பாதையில் ஏற்றுவதெனத் தீர்மானித்தலே வழிப்படுத்தலாகும். முழுப் பயணத்தையும் சந்தியில் நிற்பவர் அறிந்திருக்க வேண்டியதில்லை. அடுத்த படி எதுவென அறிந்திருந்தாற் போதுமானது. அட்டவணையில் இல்லாத ஊர்களுக்கெல்லாம் பொதுவாக ஒரு திசை குறிக்கப்பட்டிருக்கும். இதனை விளங்கிக்கொண்டவனுக்கு எந்நிறுவனத்துப் பெட்டியும் முற்றிலும் அந்நியமானதாகாது. சொற்கள் மாறும், பட்டியல்கள் இடம் மாறும், சந்தி மாறாது.

அவ்வம்மையார் அடுத்துச் சொன்னது அவன் எதிர்பாராத ஒன்றாகும். முதற்படிக்கு வேண்டிய நூல் வெளிநாட்டில் இல்லை, பாடசாலையிலேயே உள்ளது என்றார். மகரகமத் தேசிய கல்வி நிறுவகம் உயர்தர வகுப்பின் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்துக்குத் தமிழிலே ஆசிரியர் வழிகாட்டி வெளியிட்டுள்ளது. அப்பாடத்திட்டத்தில் வலையமைப்பு பற்றிய அலகு இடம்பெறுகின்றது. முகவரிகளின் அமைப்பு, அவற்றைச் சிறு கூறுகளாகப் பிரித்தல், பொதிகள் அடுக்கடுக்காகக் கையளிக்கப்படும் முறை ஆகியன அங்கே தமிழில் விளக்கப்பட்டுள்ளன. கல்வி நிலையத்துக்கு வரும் பிள்ளைகளுட் சிலரின் புத்தகப் பைகளிலேயே அதன் பகுதிகள் கிடந்தன. உலகெங்கும் தேடிய ஒன்றின் முதற் பகுதி தன் மேசைமேற் கிடந்ததை அவன் அன்றே கண்டான்.

அவ்வழிகாட்டியைக் கொண்டு அவன் எண்களைப் படித்தான். பெட்டியின் முகவரி 192.168.88.1 என்றிருந்தது. அம்முகவரி ஏன் அவ்வாறு தொடங்குகின்றது என்பதை எக்காணொளியும் அவனுக்குச் சொல்லவில்லை. 1996இல் வெளியான பொது ஆவணமொன்று, வீடுகளும் நிறுவனங்களும் தமக்குள் மட்டும் பயன்படுத்திக்கொள்ளத்தக்க மூன்று முகவரித் தொகுதிகளை ஒதுக்கிவைத்தது. பத்தில் தொடங்கும் தொகுதி ஒன்று; 172.16 தொடங்கி 172.31 வரையுள்ளது மற்றொன்று, 192.168இல் தொடங்குவது மூன்றாவது. இவை ஒரு தோட்டத்து லயத்தின் வீட்டிலக்கங்களைப் போன்றவை. ஏழாம் இலக்க வீடு எல்லாத் தோட்டங்களிலும் உண்டு; ஆகவே வெளியூர்க் கடிதத்தில் அது மட்டும் போதாது. உள்ளே உள்ளவர் வெளியே எழுதும்போது தோட்டத்தின் பொது முகவரியை இட்டு அனுப்பி, மறுமொழி வந்ததும் உரிய வீட்டுக்குக் கொடுக்கும் பணியைப் பெட்டி செய்கின்றது. அப்பணிக்கே முகவரி மாற்றம் எனப் பெயர். லயத்திற் பிறந்தவனுக்கு இதனை விளங்க நெடுநேரம் ஆகவில்லை.

அடிப்படை விளங்கிய பின்னரே உற்பத்தியாளரின் கையேடு அவனுக்குப் பயன்படலாயிற்று. முன்னர் அதனைத் திறந்தபோது அகராதியை முதற்பக்கத்திலிருந்து வாசிக்க முயல்பவனைப் போன்று சோர்ந்தான். இப்போது, பொதுத் திசை எங்கே குறிக்கப்படுகின்றது, முகவரி மாற்றம் எங்கே செய்யப்படுகின்றது எனக் கேள்வியோடு சென்றான், விடையோடு மீண்டான். கையேடு ஒன்றே பதிப்பு எண்ணைத் தெளிவாகச் சொல்லியது என்பதும், பழையன வேறாகவும் புதியன வேறாகவும் பிரித்துவைக்கப்பட்டிருந்தன என்பதும் அப்போதே அவன் கண்ணிற் பட்டன. இனிமையாகப் பேசும் பாடம் வேறு, பொறுப்போடு பேசும் பாடம் வேறு என்பதை அவன் உணர்ந்தது அங்கேதான்.

எனினும், அப்பெட்டியைப் பற்றிய மிகச் சிறந்த நூல் அப்பெட்டியினுள்ளேயே இருந்தது. பெட்டியின் அமைப்பு முழுவதையும் எழுத்து வடிவில் வெளியே எடுக்க ஒரு கட்டளை உண்டு. அதனை எடுத்து, அச்சிட்டு, ஒவ்வொரு வரியின் பக்கத்திலும் அது என்ன செய்கின்றது எனத் தமிழில் எழுதுமாறு அவ்வம்மையார் பணித்தார். விளங்காத வரிக்கு எதிரே கேள்விக்குறி மட்டும் இடவேண்டும். விளங்கியதாகப் பாவனை செய்து எதையும் எழுதக்கூடாது என்பது நிபந்தனை. வரலாற்று மாணவனான அவனுக்கு இது பழகிய வேலையே. கல்வெட்டையோ பழைய கச்சேரி ஆவணத்தையோ படிப்பது போன்று, சென்றுவிட்ட ஒருவர் ஏன் இவ்வாறு செய்தார் என அவர் விட்டுச்சென்ற வரிகளிலிருந்து ஊகித்தல். ஆங்கில வரிகளுக்கு எதிரே தமிழில் எழுத முயன்றபோதுதான் தனக்கு எது விளங்கியுள்ளது, எது விளங்கியதுபோலத் தோன்றுகின்றது என்பது பிரிந்து தெரிந்தது. ஒரு சொல்லை அதே சொல்லாற் சொல்லிவிட்டுப் போவதற்கு ஆங்கிலம் இடங்கொடுத்தது. தமிழ் அவ்வாறு விடவில்லை.

கேள்விக்குறிகள் ஒவ்வொன்றாகக் குறைந்துவர, ஒரு வரி மட்டும் அவனைத் துன்புறுத்தியது. பெட்டியைக் கட்டுப்படுத்தும் செயலி பயன்படுத்தும் 8291 என்னும் வாயில் வெளியுலகு முழுவதற்கும் திறந்துவிடப்பட்டிருந்தது. வெளியிலிருந்தவாறே பெட்டியைக் கவனித்துக்கொள்ளும் பொருட்டு முன்னவர் அவ்வாறு செய்திருக்கலாம். அதன் அபாயத்தை 2018ஆம் ஆண்டின் வரலாறு உணர்த்துகின்றது. அவ்வாயிலின் வழியாகக் கடவுச்சொற்களைக் கவரத்தக்க குறைபாடொன்று அவ்வாண்டு வெளிப்பட்டது. உற்பத்தியாளர் ஏப்பிரலிலேயே திருத்தத்தை வெளியிட்டனர். ஆயினும் திருத்தத்தை இட்டுக்கொள்ளாத பெட்டிகள் உலகெங்கும் எண்ணற்றுக் கிடந்தமையால், பிறேசிலில் தொடங்கி இலட்சக்கணக்கான பெட்டிகள் அந்நியர் கைப்பட்டு, அவற்றின் வழியே இணையத்தைப் பார்த்தோரின் கணினிகள் பிறருக்காக மறையீட்டு நாணயம் அகழும் கூலிகளாக்கப்பட்டன. பாடத்தைப் பார்த்துக் கட்டளையை அப்படியே பதித்தாற் போதும் என்போர் சிந்திக்கவேண்டிய செய்தி இது. பெட்டி வேலை செய்கின்றது என்பது அது பத்திரமாக இருக்கின்றது என்பதற்குச் சான்றாகாது.

அவ்வாயிலை அடைக்கவேண்டும். ஆனால் அறியாதவன் ஒரு வரியை மாற்றப்போய்த் தன்னையே வெளியே வைத்துப் பூட்டிக்கொள்வதும் இத்துறையில் மிகச் சாதாரணம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்னும் பழமொழி இங்கே பொருந்தும். கறிக்குரிய சுரைக்காயை வெட்டிப் பழக அவனிடம் வேறொரு காய் வேண்டும். அதே இயக்க முறைமையைச் சாதாரணக் கணினியொன்றினுள் மெய்ந்நிகராக இயக்குவதற்கு உற்பத்தியாளரே இலவச அனுமதி வழங்குகின்றனர். வேகம் ஓர் இணைப்புக்கு நொடிக்கு ஒரு மெகாபிட் என மட்டுப்படுத்தப்பட்டிருப்பினும் கற்பதற்கு அது போதுமானது. நிலையத்தின் பழைய கணினியொன்றில் அத்தகைய பெட்டிகள் இரண்டை நிறுவி, ஒன்றைக் கண்டி எனவும் மற்றதை ஹட்டன் எனவும் பெயரிட்டு, அவற்றிடையே பொதிகளை அனுப்பிப் பழகினான். மாற்றம் செய்யும்போது இணைப்பு அறுந்துபோனால் செய்த மாற்றங்களைத் தானே நீக்கிக்கொள்ளும் பாதுகாப்பு நிலையொன்றும் அம்முறைமையில் உண்டு. அதனை முதலிற் கற்றபின்னரே உண்மைப் பெட்டியிற் கைவைத்தான். வாயில் அடைபட்டது, நிலையத்தில் எவரும் வேறுபாட்டை உணரவில்லை. இத்தொழிலில் அதுவே வெற்றியின் அடையாளமாகும்.

இவ்வனுபவத்தினின்றும் பொதுவாகப் பெறத்தக்க அளவைகள் நான்கு எனலாம். ஒரு பாடம் எப்பதிப்புக்கு, எவ்வாண்டில் எழுதப்பட்டது என்பதைச் சொல்கின்றதா என்பது முதலாவது. இதனைச் செய் என்பதோடு நில்லாது, ஏன் செய்யவேண்டும் என்பதையும் சொல்கின்றதா என்பது இரண்டாவது. செய்தது சரியா என எவ்வாறு சோதிப்பது, பிழைத்தால் எவ்வாறு மீள்வது என்பதைக் கற்பிக்கின்றதா என்பது மூன்றாவது. யாருக்காக எழுதப்பட்டது என்பதை அது அறிந்திருக்கின்றதா என்பது நான்காவது. பெருநிறுவனப் பொறியியலாளருக்கு எழுதிய நூல் நல்ல நூலேயாயினும் இருபது கணினிகளைக் காக்கும் இளைஞனுக்கு அது சுமையாகும். இவ்வளவைகளால் நோக்குமிடத்து, அவனுக்குக் கிடைத்த நீண்ட பட்டியலில் எஞ்சியவை மிகச் சிலவே. எஞ்சியவற்றுட் பெரும்பாலானவை விலையற்றவை என்பது மனங்கொள்ளத்தக்கது.

விலையின்றிக் கிடைப்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. இணையத்தின் முன்னோடியான வலையமைப்பை உருவாக்கிய இளம் ஆய்வாளர்கள் 1969 ஏப்பிரலில் தமது முதற் குறிப்பை வெளியிட்டபோது, கட்டளை என்றோ சட்டம் என்றோ அதற்குப் பெயரிடவில்லை. கருத்துக் கோரும் குறிப்பு என்றே பெயரிட்டனர். அவ்வரிசையில் இன்று ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்ட குறிப்புகள் வெளிவந்துள்ளன. எவரும் அவற்றை வாசிக்கலாம். மேலே கூறிய 1996ஆம் ஆண்டு ஆவணமும் அவற்றுள் ஒன்றே. அமெரிக்காவின் ஒறிகன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த வலையமைப்புத் தொடக்க வள நிலையம் 1992 முதல் வளர்முக நாடுகளின் பல்கலைக்கழகங்களுக்குப் பயிற்சி அளித்து, தன் பாடங்களை எவரும் படிக்குமாறு திறந்து வைத்துள்ளது. ஆசிய பசிபிக் நாடுகளுக்கு இணைய முகவரிகளை வழங்கும் பிறிஸ்பேன் நகரத்து ஏப்னிக் நிறுவனமும் இலவசப் பாடநெறிகளை நடத்துகின்றது. நம் நாட்டிற் பல்கலைக்கழகங்களையும் ஆய்வு நிறுவனங்களையும் இணைக்கும் லேர்ன் என்னும் கல்வி ஆய்வு வலையமைப்பு இம்மரபின் இலங்கைக் கிளை எனலாம். 2020இல் பெருந்தொற்றினாற் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது விரிவுரைகள் அவ்வலையமைப்பின் வழியே வீடுகளைச் சென்றடைந்தன. தொலைபேசி நிறுவனங்களும் அதற்குக் கட்டணம் அறவிடாதிருக்க இணங்கின. தோட்டத்து மேட்டில் அலைவரிசை தேடிக் குடைபிடித்து நின்று விரிவுரை கேட்ட மாணவனுக்கு, தன் குரலைச் சுமந்து சென்ற வழிப்படுத்திகளைக் காத்தவர் எவரெனத் தெரியாது. ஆயினும் அறிந்தவர் சிலர் எங்கோ விழித்திருந்தமையாலேயே அது இயன்றது.

இங்கே மொழி பற்றிய வினா எழுகின்றது. இப்பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உள்ளன. ஆங்கிலம் கற்றுக்கொண்டாற் போயிற்று, தமிழில் எழுதுவதால் ஆவதென்ன என்பர் சிலர். ஆங்கிலம் கற்கவேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் இவ்வாதம் புதியதன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீன் என்னும் அமெரிக்க வைத்தியர் இதே வினாவை எதிர்கொண்டார். மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்து, நூல்களைத் தமிழாக்கி, 1867இல் இரணவைத்தியம், 1875இல் கெமிஸ்தம் முதலியவற்றை வெளியிட்டார். கெமிஸ்தம் என்னும் பெயரே கருதத்தக்கது. வேதியியலுக்கு ஆங்கிலத்தில் வழங்கிய பெயரைத் தமிழ் நாவுக்கு இசையத் திரித்து எடுத்துக்கொண்டு, விளக்கத்தைத் தமிழிலே செய்த நெறி அது. சொல் எங்கிருந்தும் வரலாம். விளக்கம் கற்பவன் வாழும் மொழியில் இருக்கவேண்டும். நம் இளைஞனும் அறிந்தோ அறியாமலோ இந்நெறியையே பின்பற்றினான். திரையில் தோன்றும் சொல்லைத் தமிழ் எழுத்தில் அப்படியே எழுதி, வழிப்படுத்தியா, வழிச்செலுத்தியா, திசைவியா என்னும் வழக்கில் இறங்காது, அது செய்யும் வேலையைத் தன் ஊர்ப் பேச்சிலே விளக்கினான். கலைச்சொல் முடிவாகும்வரை காத்திருந்திருப்பின் அவனது பயிற்சிப் புத்தகத்தின் முதற் பக்கம் இன்னும் வெறுமையாகவே இருந்திருக்கும்.

அப்புத்தகத்தின் பெறுமதி விரைவிற் சோதனைக்கு உள்ளாயிற்று. பருவப்பெயர்ச்சிகளுக்கு இடைப்பட்ட ஐப்பசி மாதத்தில் கண்டி மலைகளின் மேல் மாலைதோறும் இடி முழங்கும். ஒரு மாலை மின்னல் வந்து பெட்டியைச் சுட்டெரித்துச் சென்றது. பல்கலைக்கழக விண்ணப்பத்துக்குரிய இறுதி நாளுக்கு நான்கு நாட்களே எஞ்சியிருந்தன. நிலையத்தார் மறுநாளே புதிய பெட்டியொன்றை வாங்கினர். ஆனால் அந்நாளில் இளைஞனுக்குத் தன் இறுதிப் பரீட்சை. அவன் செல்ல இயலவில்லை. பெட்டியை அமைத்தவள் உயர்தர வகுப்பு மாணவியொருத்தி. தெல்தோட்டையிலிருந்து வருபவள், ஓய்ந்த வேளைகளில் அப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தவள், கண்டி, ஹட்டன் என்னும் விளையாட்டுப் பெட்டிகளுடன் தானும் விளையாடியவள். புத்தகத்தைப் பக்கத்தில் விரித்துவைத்து, வரி வரியாகச் சென்று, ஒவ்வொரு படியின் பின்னரும் அங்கே எழுதியிருந்தவாறு சோதித்து, நண்பகலுக்கு முன் அனைத்தையும் முடித்தாள். ஓரிடத்தில் புத்தகம் தெளிவில்லை எனக் கண்டு அதன் ஓரத்தில் தன் கையாற் குறிப்பும் எழுதினாள். அன்று பிற்பகல் விண்ணப்பங்கள் சென்றன. அவற்றுள் ஒன்று அவளுடையது.

இளைஞன் பெரும் வலையமைப்பு அறிஞனாகிவிட்டான் என்றோ, ஒரு பயிற்சிப் புத்தகம் ஆங்கில நூல்களுக்கு ஈடாகும் என்றோ கொள்வது மிகையாகும். அவன் அறிந்தது ஒரு பெட்டியின் ஒரு பகுதியே. அடுத்த பதிப்பு வரும்போது அப்புத்தகமும் பழைய பஞ்சாங்கமாகும். அப்போது எவரேனும் அதனைத் திருத்தவேண்டும், அன்றேல் அதுவும் பிறரை வழி தவறச் செய்யும் பாடங்களுள் ஒன்றாகிவிடும். அதனாலேதான் அதன் முதற் பக்கத்தில் பதிப்பின் எண்ணும் திகதியும் எழுதப்பட்டுள்ளன. ஆயினும், நல்ல பாடம் எங்கே உள்ளது என்னும் வினாவுக்கு அது தந்த விடை கருதத்தக்கது. அறியாதவன் நிலையிலிருந்து அறிந்தவன் நிலைக்கு ஒருவன் நடந்து சென்ற பாதையை அவ்வழியிலேயே நின்று குறித்துவைத்தல், அறிந்த பின்னர் மேலிருந்து எழுதும் நூல்களால் எளிதில் இயலாத காரியம். எந்த இடத்திற் கால் இடறும் என்பதை அண்மையில் அவ்வழியே வந்தவனே நன்கறிவான்.

கலைப்பீடத்தார்க்குத் தொழினுட்பத்திலே பங்கில்லை என்னும் எண்ணம் நம்மிடையே ஊறிப்போயுள்ளது. ஓர் ஆவணத்தை ஐயத்துடன் வாசித்தல், எழுதியவர் யார், எப்போது, எதற்காக எனக் கேட்டல், விளங்கியதைப் பிறர் விளங்குமாறு எழுதல் ஆகிய மூன்றுமே அந்நிலையத்தைக் காத்தன. இவை கலைப்பீடம் தன் மாணவர்க்குக் கற்பிப்பவையே. தமிழின் வளர்ச்சி பற்றி மேடையிற் பேசுவோர் பலராவர். ஆனால் விண்ணப்பத்துக்கு நான்கு நாட்கள் உள்ளபோது ஒரு மாணவியின் கைக்கு எட்டும் இடத்தில், அவளுக்கு விளங்கும் தமிழில், பிழையற்ற ஒரு குறிப்பு இருக்கின்றதா என்பதே மொழியின் வாழ்வுக்குரிய உரைகல். பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் தத்தம் நூலகத்தில் ஒரு தட்டை இதற்கென ஒதுக்கலாம். தான் கற்ற பொறி எதுவாயினும், தையல் இயந்திரமோ, தேயிலைத் தொழிற்சாலையின் உலர்த்தியோ, சுவரிற் கண்சிமிட்டும் ரௌட்டரோ, அதனைக் கற்ற வழியை ஒவ்வொருவரும் திகதியிட்டு அங்கே எழுதிவைக்கலாம். அதற்குப் பெருஞ் செலவில்லை. நாற்பது தாள் கொண்ட பயிற்சிப் புத்தகமும், விளங்காத இடத்திற் கேள்விக்குறி இடும் நேர்மையும் இருப்பின் போதும்.